துவக்கு இருந்த வீட்டைத்தான் முதலில் தட்டினார்கள்

சென்ற மாதம் உறவினர் ஒருவரின் எட்டுச்செலவுக்காகத் துணுக்காய் போயிருந்தேன். மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி, மல்லாவியையும் சேர்த்து, அந்தப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லத் தேவையில்லை. குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் மண். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே கூப்பிடு தூரம். சில இடங்களில் கூப்பிட்டாலும் கேட்காத தூரம்.

படையல் முடிந்து ஆண்கள் முற்றத்துப் பந்தலின் கீழ் அமர்ந்தபோது பேச்சு களவின் பக்கம் திரும்பிற்று. சில வாரங்களுக்கு முன், அயற்கிராமம் ஒன்றில் வயோதிபத் தம்பதியர் உறங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குள் முகம் மறைத்த நால்வர் புகுந்து, கிழவரைக் கட்டிவைத்து, அம்மாவின் கழுத்திலும் கையிலும் கிடந்ததை எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆளில்லா வீட்டில் நடந்த களவு அல்ல. ஆள் இருப்பது தெரிந்தே புகுந்த களவு.

கனடாவிலிருந்து வந்திருந்த என் ஒன்றுவிட்ட தம்பி கொதித்துப் போனான். "அண்ணை, அங்க அமெரிக்காக்காரன்ர வீட்டுக்கை கள்ளன் இப்பிடிப் பூருவானோ? உள்ளுக்கை துவக்கு இருக்கெண்ட பயம். இஞ்சையும் வீட்டுக்கு வீடு துவக்குக்கு லைசென்ஸ் குடுத்துப் பாருங்கோ. ஒருத்தன் படலை திறக்கான்" என்றான். பந்தலில் இருந்தவர்களிற் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அவர்களுக்குள் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதே என்னை எழுத வைக்கிறது.

(தமிழகத்து வாசகர்களுக்கு: துப்பாக்கியைத்தான் நாங்கள் துவக்கு என்போம்.)

அந்தத் தம்பியின் வாதத்தை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. அதற்கு ஒரு பலம் உண்டு. அந்தப் பலத்தை முழுதாகச் சொல்லிவிட்டே அதை மறுக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமைக்காக வாதிடுவோர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இது. பிரித்தானியாவில் வீடுடைப்புகளில் ஏறத்தாழப் பாதி, வீட்டில் ஆள் இருக்கும்போதே நடக்கின்றன. அமெரிக்காவிலோ எட்டில் ஒன்றுதான். ஏன்? பிரித்தானியக் கள்ளனுக்குச் சுடப்படும் அச்சம் இல்லை. அமெரிக்கக் கள்ளனுக்கு உண்டு. இதற்குத் துணையாக, 1980களில் ஜேம்ஸ் ரைட், பீற்றர் றோசி என்ற இரு சமூகவியலாளர்கள் பத்து மாநிலச் சிறைகளில் ஏறக்குறைய 1,900 கைதிகளிடம் நடத்திய ஆய்வையும் காட்டுவார்கள். ஆள் இருக்கும் வீட்டைக் கள்ளர் தவிர்ப்பதற்குச் சுடப்படும் அச்சமும் ஒரு காரணம் என்று அந்தக் கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்புக்கொண்டார்கள். கள்ளனின் வாயாலேயே வந்த சாட்சி. இதைவிட என்ன வேண்டும்?

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதே என் பதில்.

முதலில் அந்த எட்டில் ஒன்று. அது பழைய கணக்கு. அமெரிக்க நீதித் திணைக்களத்தின் புள்ளிவிபரப் பிரிவு 2003 முதல் 2007 வரையான ஆண்டுகளுக்கு வெளியிட்ட கணக்கில், ஆண்டுக்குச் சராசரி 37 இலட்சம் வீடுடைப்புகள். அவற்றில் ஏறத்தாழ 10 இலட்சத்தில் வீட்டார் வீட்டில் இருந்தார்கள். அதாவது நூற்றுக்கு 28. மக்கள் தொகையை விடத் துப்பாக்கித் தொகை கூடிய நாட்டில், நான்கு வீடுடைப்புகளில் ஒன்றுக்கு மேல் ஆள் இருக்கும்போதே நடக்கிறது. எதைக் களவு என்று எண்ணுவது, முயற்சியையும் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்தே விகிதம் கூடிக் குறைகிறது. இரண்டு நாடுகளின் இரண்டு விதமான கணக்கை அருகருகே வைத்து, நடுவில் ஒரு துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு, காரணம் இதுதான் என்பது ஆய்வாகாது.

ஒரு நாட்டுக்குள்ளேயே ஒப்பிட்டால் என்ன? பிலிப் குக், ஜென்ஸ் லட்விக் என்ற இரு அறிஞர்கள் 2003இல் அதைச் செய்தார்கள். துப்பாக்கி மிகுந்த பகுதிகளையும் குறைந்த பகுதிகளையும் எடுத்துப் பார்த்தபோது, துப்பாக்கி மிகுந்த இடங்களில் வீடுடைப்பு குறையவில்லை; சற்றுக் கூடியே இருந்தது. ஆள் இருக்கும்போது நடக்கும் களவின் பங்கிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ஜோர்ஜியா மாநிலத்தின் கெனசோ என்ற சிறு நகரம் 1982இல் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றிற்று. களவு ஒழிந்தது என்று உலகெங்கும் பறைசாற்றினார்கள். பின்னர் ஆய்வாளர்கள் பொலிசின் மாதாந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்தபோது, சட்டத்தால் வீடுடைப்புக் குறைந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஏன் கூடுகிறது என்பதற்கும் விடை அந்தச் சிறை ஆய்விலேயே இருக்கிறது. சுடப்படும் அச்சத்தைச் சொன்ன அதே கைதிகளிற் பாதியளவினர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் துப்பாக்கி திருடியவர்கள். 2005 தொடக்கம் 2010 வரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரி 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் களவு போயின. நகையைப்போல, காசைப்போல, துவக்கும் ஒரு சொத்து. கையில் எடுத்துச் செல்லலாம், விற்கலாம், அடுத்த களவுக்கு முதலாகவும் போடலாம். கள்ளனை விரட்டும் என்று நாம் வாங்கி வைத்த பொருளே கள்ளன் தேடிவரும் பொருளாகிறது.

இதை அறிய நான் அமெரிக்க ஆய்வேடுகளைப் புரட்டியிருக்கத் தேவையில்லை. பதினான்கு வயதில் துணுக்காயிலேயே கண்ணாற் கண்டேன்.

1984ஆம் ஆண்டின் மாரி. பெரியப்பா வீட்டில் விடுமுறைக்கு நின்றேன். அவரிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. கச்சேரியில் உரிமம் எடுத்து, வருடா வருடம் புதுப்பித்து, காலபோகத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க வைத்திருந்தது. படுக்கையறைச் சுவரில் இரண்டு மரக்கொளுக்கிகளில் கிடையாகத் தொங்கும். துவக்குக்காரர் என்றே ஊரில் அவருக்குப் பெயர். எந்த வீட்டில் பசு கன்று ஈன்றது, எந்த வீட்டுப் பிள்ளை சோதனை பாஸ் பண்ணிற்று என்பதைப்போல, எந்த வீட்டில் துவக்கு உண்டு என்பதும் ஊரறிந்த செய்தி.

அந்த இரவு மழை விட்டிருந்தது. நாய் குரைத்தது. படலையடியில் ஆறேழு இளைஞர்கள். முகத்தில் துணி. ஒருவன் மட்டும் பேசினான். "ஐயா, பயப்பிடாதேங்கோ. துவக்கையும் தோட்டாவையும் எடுத்துத் தாங்கோ. வேறை ஒண்டும் எங்களுக்கு வேண்டாம்." பெரியம்மாவின் தாலிக்கொடியை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த மரியாதையை நான் இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் வந்தது துவக்குக்கு. துவக்கு இல்லாத பக்கத்து வீட்டை அவர்கள் தட்டவில்லை. அதைத் தாண்டி வந்து துவக்கு இருந்த வீட்டைத்தான் தட்டினார்கள்.

பெரியப்பா சுட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர் காட்டுப்பன்றியின் கண்ணுக்கு நடுவே குறிவைக்கக்கூடியவர். ஆனால் ஒற்றைக்குழல் துவக்கில் ஒரு வெடி. முற்றத்தில் ஆறேழு பேர். உள்ளே பெரியம்மா, இரண்டு பெண்பிள்ளைகள், நான். அவர் கணக்குத் தெரிந்த கமக்காரர். கொளுக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவர்கள் வரவில்லை. அவர் இருக்கும் நேரம் பார்த்தே வந்தார்கள். துவக்கு எங்கே, தோட்டா எங்கே என்று காட்ட ஆள் வேண்டுமே! ஆள் இருக்கும் வீட்டுக்குள் கள்ளன் நுழையாதிருக்கத் துவக்கு வேண்டும் என்ற வாதம், அந்த மழை இரவில் என் கண்முன்னே தலைகீழாய்ப் புரண்டது. அடுத்து வந்த வாரங்களில் பெரியப்பா விசாரணைக்குப் போய்வந்த கதை வேறு. பறிகொடுத்தவரையே, கொடுத்தனுப்பினீரா என்று கேட்டார்கள்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அந்த ஆண்டுகளில் வடக்குக் கிழக்கில் உரிமம் பெற்ற வேட்டைத் துவக்குகள் வீடுவீடாகப் பறிக்கப்பட்டதை அக்காலத்தவர் அறிவர். தெற்கிலும் இதே கதை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலும், 1987 முதல் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சியிலும் மக்கள் விடுதலை முன்னணியினர் சிங்களக் கிராமங்களில் துவக்குள்ள வீடுகளைத் தேடித் தேடிக் கதவைத் தட்டினார்கள். இந்தத் தீவின் இரண்டு இனத்து இளைஞர்களும் தங்கள் முதல் ஆயுதங்களிற் கணிசமானவற்றை அப்பாவிக் கமக்காரரின் சுவர்க் கொளுக்கிகளிலிருந்தே எடுத்தார்கள். வீட்டுத் துவக்கு வீட்டைக் காத்த வரலாறு எங்களிடம் இல்லை. வீட்டுத் துவக்கு வீட்டை விட்டு வெளியேறி ஊரை ஆண்ட வரலாறுதான் இருக்கிறது.

இங்கேதான் அமெரிக்க வாதம் வன்னியில் முறிகிறது. எந்த வீட்டில் துவக்கு உண்டு, எந்த வீட்டில் இல்லை என்று கள்ளனுக்குத் தெரியாத இடத்தில், அறிமுகமில்லா முகங்கள் வாழும் பெருநகரத்தில், அவன் எல்லா வீட்டுக்கும் அஞ்சக்கூடும். அந்த அச்சத்தின் உயிர்நாடி அறியாமை. துணுக்காய் போன்ற ஊரில் அறியாமை எங்கே இருக்கிறது? துவக்குள்ள வீடு தெரியும். வீட்டுக்காரன் வயலுக்குக் காவல் போகும் இரவும் தெரியும். உரிமம் கிடைக்காத விதவையின் வீடும் தெரியும். நூறு வீட்டில் பத்துக்குத் துவக்குக் கொடுத்தால், மிச்சத் தொண்ணூறும் துவக்கில்லா வீடுகள் என்று கள்ளனுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்ததாகும்.

சரி, எல்லா வீட்டுக்கும் கொடுங்கள் என்பான் தம்பி. அப்படியானால் 2011 ஓகஸ்டை அவனுக்கு நினைவூட்ட வேண்டும்.

கிறீஸ் பூதம், மர்ம மனிதன் என்ற பீதி நாடெங்கும் பரவிய மாதம் அது. உடம்பில் கிறீஸ் பூசியவர்கள் இரவில் பெண்கள் இருக்கும் வீடுகளுக்குள் பாய்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் கதை. நான் அப்போது செய்தி மேசையில் இருந்தேன், தொலைபேசி ஓயவில்லை. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்கள் மர்ம மனிதரைத் துரத்திப்போய்ப் படை முகாமின் முன் திரள, அன்றிரவு நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகித் தாக்கப்பட்டார்கள். புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். கையில் கிடைத்த தடியும் கல்லும் கத்தியும் கொண்டு அச்சம் செய்த வேலை இவ்வளவு. அந்த இரவுகளில் வீட்டுக்கு வீடு நிரப்பிய துவக்கு இருந்திருந்தால், விடிய முன் வீடு திரும்பிய மகன்கள் எத்தனை பேர், வேலிப் பக்கம் ஒதுங்கிய அயலவர் எத்தனை பேர் பிணமாயிருப்பார்கள்? மர்ம மனிதன் ஒருவனேனும் அவர்களுள் இருந்திருப்பானா?

துவக்கு விழித்திருப்பவனுக்கே பயன்படும். கள்ளனோ உறங்குபவனிடம் வருகிறான். அட்லாண்டா நகரில் ஆள் இருந்த வீடுகளுக்குள் புகுந்த 198 சம்பவங்களை ஆர்தர் கெலர்மன் குழுவினர் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்கள் மூவர் மட்டுமே. துப்பாக்கிக்குப் பஞ்சமில்லாத ஊரிலேயே இந்த நிலை. பூட்டி வைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது. தலைமாட்டில் நிரப்பி வைத்தால் பேரப்பிள்ளையின் கைக்கு எட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது இடம் ஒன்றை இதுவரை எவரும் எனக்குக் காட்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லத் தயங்கக்கூடாது. போர் கடந்து வந்த எங்கள் வீடுகளில் உறக்கம் கெட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். குடி இருக்கிறது. கடன் இருக்கிறது. கள்ளன் வருவது ஆயுளில் ஓரிரவு. மனம் உடையும் இரவு அதைவிட அடிக்கடி வரும். சுவிற்சர்லாந்தில் 2003இல் படையணி பாதியாகக் குறைக்கப்பட்டு வீடுகளில் இருந்த படைத் துப்பாக்கிகள் குறைந்தபோது, அந்த வயது ஆண்களிடையே தற்கொலையும் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்கு வாழும் நம் உறவுகள் இதைக் கவனத்திற் கொள்வார்களாக. சுவரில் தொங்கும் துவக்கு, சுடவேண்டியவனை மட்டும் தெரிந்தெடுத்துச் சுடுவதில்லை.

துவக்கை யார் கொடுப்பது என்பதும் கேள்வி. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. உரிமம் கொடுப்பதும் மீட்பதும் அரசின் கையில். 2024 நவம்பரில், தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி ஒப்படைக்க வேண்டியிருந்தவர்களின் வரிசையில் முல்லைத்தீவின் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எத்தனை நின்றிருக்கும்? செல்வாக்குள்ளவனுக்குத் துவக்கும் செல்வாக்கில்லாதவளுக்குக் கள்ளனும் என்ற பங்கீட்டைத்தான் "வீட்டுக்கு வீடு துவக்கு" என்ற முழக்கம் கடைசியில் கொண்டுவரும்.

அப்படியானால் அந்த வயோதிபத் தம்பதியருக்கு என்ன பதில் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

தமிழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 தொடக்கம் பத்தாண்டுகள், நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளுக்குள் ஆட்கள் உறங்கும்போதே புகுந்து கொன்று கொள்ளையிட்டது பவாரியாக் கும்பல். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டிச் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனமே தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கும்பலை அடக்கியது எந்த வீட்டுத் துப்பாக்கியும் அல்ல. களவு நடந்த இடங்களில் பொறுமையாகச் சேகரித்த கைரேகைகள், ஜாங்கிட் தலைமையிலான பொலிசார் வடநாடு வரை தேடி அலைந்த அலைச்சல், அவையே அடக்கின. பிரித்தானியா 1996 டன்பிளேன் படுகொலைக்குப் பின் 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. அமெரிக்க வாதம் உண்மையானால் அங்கே வீடுடைப்புப் பெருகியிருக்க வேண்டும். மாறாக, 1990களின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுடைப்பு மூன்றிலிரண்டு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. நல்ல பூட்டும் நல்ல சன்னலும் எச்சரிக்கை மணியும் செய்த வேலை அதிற் பெரிது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நமக்கு வேண்டியவையும் இத்தகைய சாதாரணப் பொருள்களே. இரவில் அழைத்தால் தமிழில் பதில் சொல்லி, அரை மணிக்குள் வந்து சேரும் பொலிஸ். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதிய மாகாணப் பொலிஸ் அதிகாரம் ஏட்டிலேயே கிடந்து பத்தாண்டுகள் பல கழிந்தன. களவுக்கு எதிரான முதற் கோரிக்கை அதுவாக இருக்கட்டும். ஒழுங்கைக்கு ஒரு விளக்கு. கதவுக்கு உட்தாழ். வீட்டுக்கு ஒரு நாய். தனித்திருக்கும் முதியோரின் கைத்தொலைபேசியில் ஒரே அழுத்தில் ஒலிக்கும் அயலவர் ஐவரின் எண்கள். கழுத்தில் தொங்கும் பவுண்களில் பாதியாவது வங்கிப் பெட்டகத்துக்குப் போகட்டும். லண்டனில் தீபாவளி நெருங்கும்போது ஆசிய வீடுகளின் தங்கநகை பற்றிப் பொலிசார் எச்சரிப்பது வழக்கம். கள்ளன் தேடுவது எதை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியாதா?

வீடுடைத்து இரவில் புகுபவனைத் தடுக்க இந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்பு உரிமையை ஏற்கெனவே தந்திருக்கிறது. அந்த உரிமையை எவரும் பறிக்கச் சொல்லவில்லை. ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஓர் இரவில், ஒரு துவக்கு ஓர் உயிரைக் காத்திருக்கவும் கூடும். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் ஓர் இரவின் அதிர்ஷ்டத்தை ஊரின் கொள்கையாக்கக் கூடாது.

பந்தலில் நான் இவ்வளவும் சொல்லவில்லை. எட்டுச்செலவு வீட்டில் அதற்கு மேல் பேசுவது முறையுமல்ல. புறப்படும்போது தம்பியிடம் ஒன்றைக் கேட்டேன். "எங்கட பெரியப்பா வீட்டுச் சுவரிலை ரெண்டு கொளுக்கி இருந்தது நினைவிருக்கோ?" அவன் அப்போது சிறு பிள்ளை, ஆனாலும் நினைவிருக்கிறது என்றான். துவக்குப் போன பிறகு பெரியம்மா அதில் அரிக்கன் லாம்பு கொளுவினார். 2008இல் இடம்பெயரும் வரை அந்த லாம்பு அங்கேதான் தொங்கிற்று. அந்த இருபத்து நான்கு வருடங்களில் அந்த வீட்டுக்குப் படை வந்தது, ஷெல் வந்தது, பட்டினி வந்தது. ஆறேழு பேர் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பொருளைக் கேட்டுப் படலையில் வந்து நிற்கவில்லை. கேட்கும்படியாக அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

கனடாவுக்குத் திரும்புமுன் தம்பி அந்த ஒழுங்கைக்கு மூன்று சூரியமின் விளக்குகளுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வாதத்தில் அவன் இன்னும் தோற்கவில்லையாம். தோற்க வேண்டாம். விளக்கு எரிந்தால் போதும்.